மாத்தளைத் தோட்டங்களில் யாக்கோபின் நிருபம்: நாவடக்கப் போதனை நடந்துவந்த பாதை

மாத்தளை நகருக்கு வடக்கே, தம்புள்ளை வீதியை ஒட்டி அளுவிகாரை குகைக்கோயில் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக வாய்மொழியாகவே ஓதப்பட்டுவந்த திரிபிடகம், கி.மு. முதலாம் நூற்றாண்டில் வலகம்பா மன்னன் காலத்தில் இங்கேதான் ஓலையில் எழுதப்பட்டது என்பது பௌத்த மரபு. பொய் பேசாமை அச்சமயத்தின் ஐந்து சீலங்களில் ஒன்று. தமிழரிடமோ இனியவை கூறலும் புறங்கூறாமையும் பயனில சொல்லாமையும் குறளில் தனித்தனி அதிகாரங்கள். ஆக, நாவை அடக்கு என்ற போதனை இந்த மண்ணுக்குக் கிறிஸ்தவத்தோடு வந்ததல்ல. கிறிஸ்தவம் கொண்டுவந்தது, பேசிய பேச்சுக்குக் கணக்குக் கேட்கும் ஓர் அமைப்பு. அந்த அமைப்பு மாத்தளையில் யாருடைய நாவுக்குக் கடிவாளம் இட்டது, யாருடையதை அவிழ்த்துவிட்டது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

கத்தோலிக்கக் கட்டத்தைச் சுருக்கமாகவே சொல்லலாம். தமிழில் அச்சேறிய மிகப் பழைய நூல்களுள் ஒன்று, முத்துக்குளித்துறையிலும் மன்னாரிலும் பணியாற்றிய என்றிக்கே என்றிக்கசு அடிகளாரின் ‘கொம்பெசியொனாயரு’. 1580இல் கொச்சியில் அச்சான அது பாவசங்கீர்த்தனத்துக்கான வழிகாட்டி. பத்துக் கட்டளைகளில் கடவுளின் பெயரை வீணாக எடுப்பதும் பொய்ச்சாட்சி சொல்வதும் நேரடியாக நாவின் குற்றங்கள். செய்த பாவத்தை மட்டுமன்றிச் சொன்ன சொல்லையும் நினைவுகூர்ந்து, வாய்விட்டே அறிக்கையிட வேண்டும் என்ற பழக்கம் தமிழ்க் கத்தோலிக்கரிடம் இப்படித்தான் வேரூன்றியது. மாத்தளை மாவட்டத்தின் கலேவெலைப் பக்கத்து வஹகோட்டை, கண்டி அரசன் குடியேற்றிய போர்த்துக்கீசப் படைவீரரின் வழிவந்த ஊர் என்பார்கள். 1692இல் கண்டி இராச்சியத்துக்குள் நுழைந்து சிறைப்பட்டு, பின்னர் அரசனின் ஆதரவையே பெற்ற யோசேப்பு வாஸ் அடிகளார், இப்படிச் சிதறிக் கிடந்த கத்தோலிக்கரைத்தான் தேடிப் போனார். குருவில்லாத ஊர்களில் விசுவாசத்தைத் தாங்கி நின்றது மனப்பாடமான செபமே என்று கருத இடமுண்டு.

மாத்தளைத் தமிழரின் கதை வேறு. கோப்பிப் பயிர்ச்செய்கை பெருகிய 1830கள், 1840களிலிருந்து, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுப் பாதையில் பல நாள் நடந்து, வழியில் பலரைச் சாகக் கொடுத்து வந்தவர்கள் மலைநாட்டை மிதித்த வாசல் மாத்தளைதான். 1880இல் ரயில்பாதை மாத்தளையை எட்டியது. அதற்கு ஒரு தலைமுறை முன்பே, 1854இல், தமிழ்க் கூலி மிஷன் தொடங்கிவிட்டது. தோட்டத் துரைமாரின் முன்முயற்சியும் பணமும் அதன் முதுகெலும்பு. திருச்சபை மிஷனரிச் சங்கத்தின் மேற்பார்வையில் திருநெல்வேலியிலிருந்து உபதேசியார்கள் வரவழைக்கப்பட்டனர். தோட்டம் தோட்டமாக நடந்து, விடியுமுன் ஆட்களைக் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்திலும் அந்தியில் தொழிலாளர் குடியிருப்பான லயத்து வாசலிலும் அவர்கள் வேதம் வாசித்தார்கள். கேட்டவர்களில் பெரும்பாலோருக்கு எழுத்துத் தெரியாது. வேதம் அவர்களுக்கு அச்சுப் புத்தகமாக அன்றி, ஒருவர் வாயிலிருந்து வரும் குரலாகவே அறிமுகமானது.

நாவைப் பற்றிப் புதிய ஏற்பாட்டில் மிக விரிவாகப் பேசுவது யாக்கோபு நிருபத்தின் 3ஆம் அதிகாரம். குதிரையின் கடிவாளம், கப்பலின் சுக்கான், காட்டையே எரிக்கும் சிறு நெருப்பு என்று அது அடுக்கும் உவமைகளைக் கிறிஸ்தவ வீடுகளில் குழந்தைகள்கூட அறிவார்கள். ஆனால் அந்த அதிகாரம் தொடங்கும் இடத்தைப் பலர் கவனிப்பதில்லை. நாவைக் குறித்த எச்சரிக்கை முதலில் போகிறது போதகர்களுக்கு. பலர் போதகராக விரும்ப வேண்டாம், போதிக்கிறவனுக்குத் தீர்ப்புக் கடுமையாக இருக்கும் என்று சொல்லிவிட்டுத்தான் யாக்கோபு கடிவாளத்துக்கு வருகிறார். அதற்கு முந்திய அதிகாரத்தில், பொன் மோதிரம் போட்டவனுக்கு நல்ல இடம் கொடுத்து, கந்தல் உடுத்தவனைக் கீழே உட்காரச் சொல்லும் பேச்சைக் கண்டிக்கிறார். 5ஆம் அதிகாரத்தில், வயலை அறுத்தவர்களுக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்த கூலியே கூக்குரலிடுகிறது என்கிறார். நாவடக்கமும் தொழிலாளியின் கூலியும் ஒரே கடிதத்தின் விஷயங்கள். இந்த மூன்று இடங்களிலும் அது வலியவனை நோக்கியே பேசுகிறது.

கோப்பிக் காலத்தில் மாதக்கணக்கில் சம்பள நிலுவை வழக்கமாக இருந்தது. 1889ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டம் வந்த பிறகே மாதச் சம்பளம் ஓரளவு ஒழுங்குக்கு வந்தது. துரையின் பணத்தில், துரையின் அனுமதியோடு தோட்டத்துக்குள் கால் வைத்த உபதேசியாரால், பெரட்டுக்களத்தில் 5ஆம் அதிகாரத்தை விரித்துப் பேச முடிந்திருக்குமா? அந்த மனிதர்களைக் குறைசொல்ல என் மனம் ஒப்பவில்லை. கங்காணியின் வசையும் துரையின் ஏச்சும் கேட்டே பழகிய காதுகளில் கனிவான தமிழில் பேசிய முதல் வெளியாள் பல லயங்களில் அவராகத்தான் இருந்திருப்பார். குறை அவரை வரவழைத்த ஏற்பாட்டில் இருந்தது. அந்த மிஷன் தன் பெயரிலேயே ‘கூலி’ என்ற இழிசொல்லைச் சுமந்து நின்றதும் அதே ஏற்பாட்டின் அடையாளம்.

இதே காலத்தில் அரசும் தொழிலாளியின் நாவுக்கு விலங்கு பூட்டியது. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சேவை ஒப்பந்தச் சட்டம், குடிபோதை, கட்டளை மீறல் ஆகியவற்றோடு எதிர்த்துப் பேசும் துடுக்கையும் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. மூன்று மாதம்வரை சிறை கிடைக்கலாம். ஏசிய துரைக்கு அத்தகைய தண்டனை இல்லை. தண்டனைப் பிரிவுகள் நீங்க 1920களின் தொடக்கம்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. விரும்பி ஏற்ற மௌனமும் இதே பக்கத்தில் இருந்தது. மாத்தளையை உள்ளடக்கிய கத்தோலிக்கக் கண்டி மறைமாவட்டத்தை நெடுங்காலம் நடத்திய சில்வெஸ்திரியத் துறவிகள், புனித பெனடிக்டின் சபை ஒழுங்கைப் பின்பற்றுபவர்கள். அவ்வொழுங்கின் 6ஆம் அதிகாரம் மௌனத்தைப் பற்றியது. துறவி தானாக விரும்பி ஏற்கும் மௌனமும், சிறைக்கு அஞ்சித் தொழிலாளி வாயை மூடிக்கொள்வதும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றலாம். கிறிஸ்தவ அறநெறியில் முன்னதற்கு மட்டுமே மதிப்பு.

யார் பேசலாம் என்ற சச்சரவு ஆங்கிலிக்கன் திருச்சபைக்குள்ளும் வெடித்தது. 1876இல் கொழும்புப் பேராயராக வந்த ரெஜினால்ட் கொப்பிள்ஸ்டன், தமிழ்க் கூலி மிஷன் யாருடைய அதிகாரத்தின் கீழ் இயங்குவது என்ற தகராறில், திருச்சபை மிஷனரிச் சங்க ஊழியர்களின் ஊழிய உரிமங்களையே இரத்துச் செய்தார். சில ஆண்டுகள் கழித்தே பூசல் தணிந்தது. இருதரப்பும் வாதாடிய அந்த ஆண்டுகளில் தோட்டத் தமிழரின் கருத்தைக் கேட்க வேண்டும் என்பது எந்தத் தரப்பின் கோரிக்கையாகவும் முன்னுக்கு வந்ததாகத் தெரியவில்லை.

போதனை திசை திரும்பியது சுதந்திரத்துக்குப் பிறகு. 1948இன் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. தமிழருக்கு எதிரான 1977 வன்செயல்களில் வதந்தி ஆற்றிய பங்கு, அவற்றை விசாரித்த சன்சோனி ஆணைக்குழுவின் முன் விரிவாகவே பேசப்பட்டது. 1983 ஜூலையில் மாத்தளை நகரில் தமிழர் கடைகளும் முத்துமாரியம்மன் கோயிலும் தீக்கிரையாயின. சிறு நெருப்பு என்று யாக்கோபு சொன்னதை இந்த நகரம் கண்ணால் கண்டது. பகைப்பேச்சுக்கு மாற்றாக, கண்டியில் இயேசு சபைக் குரு போல் கஸ்பர்ஸ் 1972இல் தொடங்கிய சத்தியோதய நிலையம் தோட்டத் தமிழரையும் கிராமத்துச் சிங்களவரையும் ஒரே இடத்தில் உட்கார்ந்து பேசவைக்க முயன்றது. யாக்கோபின் கருத்துக்கு இந்தப் பக்கத்தில் மிக நெருங்கிய முயற்சி என்று அதையே சொல்வேன்.

இப்போது சொல்லின் வல்லமை வேறொரு வடிவில் பேசப்படுகிறது. அமெரிக்காவில் ஈ. டபிள்யூ. கெனியனும் பின்னர் கெனத் ஹேகினும் பரப்பிய வாயறிக்கைப் போதனை, செழிப்பை நாவால் அறிக்கையிட்டால் செழிப்பு வரும், வறுமையைச் சொன்னால் வறுமையே வரும் என்கிறது. தொலைக்காட்சி, யூடியூப் வழியாகத் தமிழ்ச் சபைகளிலும் அதற்குச் செல்வாக்கு உண்டு. நம்பிக்கையோடு பேசுவதில் தவறில்லை. ஆயினும் ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் கேட்டுப் பல ஆண்டுகள் போராடி, 2021இல்தான் அது வர்த்தமானியில் வரக் கண்ட தொழிலாளியிடம், உன் வாயால் நீயே வறுமையை வரவழைத்தாய் என்று சொல்வது, 1865இன் சட்டத்தைப் பிரசங்க மேடைக்கு ஏற்றுவதாகும். தன் குறையைச் சொல்லும் உரிமையையும் அது அத்தொழிலாளியிடமிருந்து பறிக்கிறது.

மாத்தளையிலும் அதைச் சூழ்ந்த தோட்டங்களிலும் பிரசங்கம் செய்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். நாவைப் பற்றிப் பேச யாக்கோபு நிருபத்தைத் திறக்கும்போது, 3ஆம் அதிகாரத்தோடு நூலை மூடிவிடாதீர்கள். அதே ஆராதனையில் 5ஆம் அதிகாரத்தையும் வாசியுங்கள்.