கடலோரப் புல்தரையும் அதை வெட்டும் முறையும்

புல்தரை வெட்டுதல் என்பது, தரையில் படரவிட்ட புல்லின் இலையைக் காலம் தவறாமல் ஒரே உயரத்துக்கு அரிந்து, தண்டும் வேரும் அடர்ந்து பிடிக்கச் செய்யும் வேலை. பார்ப்பவருக்கு அது அழகுக்காகச் செய்வதாகத் தோன்றும். ஆனால் புல் பிழைப்பதும் பட்டுப்போவதும் அந்த உயரத்தில்தான் இருக்கிறது. தாமிரபரணி மன்னார் வளைகுடாவில் சேரும் புன்னைக்காயலையும் அதையொட்டிய தூத்துக்குடிக் கடற்கரையையும் மனத்தில் வைத்து எழுதியது இக்கட்டுரை. மணலும் உப்பும் சேர்ந்த நிலத்தில், தப்பாக வெட்டினால் இரண்டே நாளில் தரை காட்டிக்கொடுத்துவிடும்.

செடியின் குருத்து நுனியில் இருக்கும். புல்லின் குருத்து மண்ணை ஒட்டி அடியில் இருக்கும். இலை அடியிலிருந்து மேலே தள்ளப்படுவதால் ஆடு கடித்தாலும் அரிவாள் பட்டாலும் மறுபடி வளர்கிறது. தொல்காப்பியம் வெளிவைரம் உள்ளதைப் புல் என்றும் உள்வைரம் உள்ளதை மரம் என்றும் பிரிக்கும். அந்தக் கணக்கில் இவ்வட்டாரத்துப் பனையும் புல்தான். ஆனால் பனையின் குருத்து உச்சியில் இருப்பதால் கொண்டையை வெட்டினால் மரம் போச்சு. தரைப்புல்லை மண்ணோடு மண்ணாகச் சிரைப்பதும் ஏறத்தாழ அதே காரியம்.

ஒரு வெட்டில் இலையின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது பொது விதி. 1955இல் அமெரிக்க வேளாண் துறை வெளியிட்ட கிரைடரின் ஆய்வு, பாதியும் அதற்கு மேலும் இலை இழந்த புற்களில் பெரும்பாலானவற்றின் வேர் வளர்ச்சி சில நாள்கள் நின்றுபோவதைக் காட்டியது. களிமண்ணில் இதைச் சமாளித்துக்கொள்ளலாம். மணலில் நீர் நிற்காது, உரமும் நிற்காது. ஆழம் போகாத வேருக்கு வேறு போக்கில்லை. 3 செ.மீ.யில் வைக்க விரும்பும் தரையை 4.5 செ.மீ. ஆகும்போதே வெட்டிவிட வேண்டும். லீவுக்குப் போய்வந்து 10 செ.மீ. வளர்ந்த அருகம்புல்லை ஒரேயடியாக 3க்கு இறக்கினால் பச்சை முழுக்கப் போய், வெயில் பாராத பழுப்புத் தண்டுதான் மிஞ்சும். அதை மூன்று தவணையாக, சில நாள் இடைவிட்டு இறக்குவதே முறை.

திருமண வாழ்த்தில் ஆலோடு சேர்த்துச் சொல்லப்படும் அருகு, மண்ணுக்கு மேலும் கீழும் தண்டு ஓட்டிக் கணுவுக்குக் கணு வேர்விடும். அதனால் 2.5 முதல் 4 செ.மீ. வரை தாராளமாக வெட்டலாம். அதன் கலப்பினமான பெர்முடா வகைகள் இன்னும் தாழ்வாகத் தாங்கும். நர்சரியில் கொரியன் கிராஸ் என்று விற்பது ஜாய்சியா இனம். அந்த இனத்தின் சில வகைகள் நம் வெப்பக் கடற்கரைகளில் தாமாகவே வளர்பவை. மெதுவாக வளர்வதால் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒரு வெட்டு போதும் என்று விட்டுவிடுகிறார்கள். அதையும் மறந்தால் மேடு மேடாகப் பொம்மிவிடும். இலை விறைப்பானது, கத்தி சீக்கிரம் மழுங்கும். பஃபலோ கிராஸ் மண்ணுக்கு மேலே மட்டும் தண்டோடுவது. தண்டைச் சிரைத்துவிட்டால் மண்ணுக்குள்ளிருந்து முளைக்க ஒன்றுமில்லை என்பதால் 6 செ.மீ.க்குக் கீழே இறக்காமல் இருப்பது நல்லது. உப்புத்தண்ணீருக்கு மிகவும் ஈடுகொடுப்பது சீஷோர் பாஸ்பலம். உலகின் பல கடலோர கோல்ஃப் மைதானங்களில் அதைத்தான் தாழ்வாக வெட்டி வளர்க்கிறார்கள். ஊட்டியில் பார்த்த புல்வெளியை மனத்தில் வைத்துக்கொண்டு இங்கே தரை போடுவதுதான் பெரிய தவறு. மலையில் செழிக்கும் கிகுயு, கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலத்துப் புல்; அது கேட்கும் குளிர்ச்சி கடற்கரையில் கிடைக்காது.

வெட்டவே கூடாத புல்லும் ஒன்று உண்டு. கடற்கரை மணல்மேட்டில் முள்முள்ளாக நிற்கும் ராவணன் மீசை, அடும்போடு சேர்ந்து மணலைக் கட்டிப்பிடித்திருக்கிறது. காய்ந்த பின் அதன் முள்பந்து காற்றில் உருண்டோடி விதை பரப்பும். "சுத்தம் செய்கிறோம்" என்று அதைச் செதுக்கி எடுத்த இடத்தில் மணல் பறக்கத் தொடங்கும்.

புல்வெட்டும் இயந்திரத்துக்கு 1830இல் காப்புரிமை பெற்றவர் இங்கிலாந்தின் எட்வின் பட்டிங். கம்பளித் துணியின் மேல் துருத்தும் மயிரைச் சீவும் ஆலை இயந்திரத்தைப் பார்த்துச் செய்தது அது. அந்த உருளைக் கத்தி வகை இன்றும் ஜாய்சியாவுக்கும் தாழ்ந்த பெர்முடாவுக்கும் உகந்தது. கத்தரிக்கோல்போல் அரிந்து செல்லும். சுழல்கத்தி மெஷின் அடித்து வெட்டுவது. உயர்ந்த புல்லுக்கு அதுவே போதும், கூர் இருந்தால். மழுங்கிய கத்தி பட்ட இலையைக் கிள்ளிப் பார்த்தால் நுனி நார்நாராகக் கிழிந்திருக்கும். மறுநாள் அது வெளுத்து, தரை முழுதும் தூசி படிந்ததுபோல் தெரியும். கடலிலிருந்து கொண்டல் வீசும்போது உப்பும் அந்தக் கிழிசலில் ஏறும். சின்ன முற்றத்துக்குக் கருக்கரிவாளே போதும், குனிய முடிந்தவருக்கு.

வெட்டு நாளைப் பஞ்சாங்கம்போல் குறித்துவைக்க முடியாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் அருகு வாரம் ஒருமுறைக்கு மேலும் கேட்கும். ஈரத்தில் வெட்டினால் துண்டுகள் கட்டியாகி அடிப்புல்லை மூடும் என்பதால் காய்ந்த வேளை பார்க்க வேண்டும். வறண்ட கச்சான் வீசும் ஆனி, ஆடியில் இடைவெளியைக் கூட்டி, உயரத்தையும் ஒரு செ.மீ. ஏற்றிவிடலாம். புன்னைக்காயலுக்குப் பெயர் தந்த புன்னையின் நிழலிலும் அப்படியே. வெயில் குறைந்த இடத்தில் புல்லுக்கு இலை கூடுதலாக வேண்டும். தடித்த புன்னைச் சருகை முன்னதாகக் கூட்டிவிடுவது கத்திக்கு நல்லது.

அரிந்த துண்டுகளை வாரிக்கொண்டுபோய்க் குப்பையில் கொட்டுவது மணல்நிலத்தில் வீண். பொடியாக விழுந்தவை சீக்கிரம் மட்கி, தழைச்சத்தைத் திரும்பத் தரும். நோய் கண்ட தரையும் விதைக்கதிர் ஏறிய தரையும் மட்டும் விதிவிலக்கு. கிணற்றுநீர் கரிப்பாக இருந்தால், வெட்டிய கையோடு இலைமேல் தெளிக்காமல் அடியில் பாயவிட வேண்டும். மெஷினையும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, கத்திக்கு எண்ணெய் தடவி வைக்க வேண்டும்; இந்தக் காற்றில் ஓர் இரவிலேயே இரும்பில் செம்புள்ளி ஏறிவிடும்.