1910ஆம் ஆண்டு அச்சகச் சட்டமும் இரு மௌலானாக்களும்

செய்தி உண்மையாயிருந்தால் மட்டும் போதுமா? அதனால் பகைமை விளையக்கூடுமாயின் அதற்கும் வெளியிடுவோர் பொறுப்பேற்க வேண்டுமா? இவ்வினா நமக்குப் புதியதன்று. 1913ஆம் ஆண்டிலேயே கல்கத்தா உயர்நீதிமன்றத்தில் இது வழக்காக எழுந்தது. வழக்குத் தொடுத்தவர் ‘காம்ரேட்’ ஆங்கில வார இதழின் ஆசிரியர் மௌலானா முஹம்மது அலி அவர்கள்.

1912 அக்டோபரில் பால்கன் போர் மூண்டது. மக்கதோனியாவின் முஸ்லிம்கள் மீது நிகழ்த்தப்பட்ட கொடுமைகளை விவரிக்கும் ஆங்கிலத் துண்டுப் பிரசுரம் ஒன்று துருக்கியிலிருந்து மௌலானாவின் கைக்கு வந்தது. ‘மக்கதோனியாவுக்கு வந்து எங்களுக்கு உதவுங்கள்’ என்னும் அதன் தலைப்பே கிறிஸ்தவ வேதத்திலிருந்து எடுத்தாளப்பட்டது. பிரிட்டிஷ் கிறிஸ்தவ மக்களின் மனச்சான்றை நோக்கிய முறையீடு அது. அரசோ, மன்னரின் குடிகளுள் ஒரு பிரிவினரான கிறிஸ்தவர்கள் மீது வெறுப்பைத் தூண்டுவதாகக் கொண்டு அதனைப் பறிமுதல் செய்தது.

இதற்குக் கருவியாய் அமைந்த 1910ஆம் ஆண்டு அச்சகச் சட்டத்தின் போக்கைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். புதிதாக அச்சகம் தொடங்குவோரிடம் 500 முதல் 2000 ரூபாய் வரை ஜாமீன் தொகை கேட்கலாம். அரசின் கண்ணில் தகாத எழுத்து ஒன்று வெளிவந்தால் அத்தொகை போய்விடும். மீண்டும் தொடங்க 1000 முதல் 10,000 ரூபாய் வரை கட்ட வேண்டும். அதன் பின்னரும் ‘குற்றம்’ நேர்ந்தால் அச்சகமே பறிபோகும். எழுத்து வெறுப்பை விளைவிக்கக் கூடியதா என்பதையே சட்டம் நோக்கியது. எழுதியவரின் எண்ணம் என்ன, எழுதியது உண்மையா என்னும் கேள்விகளுக்கு அங்கே இடமில்லை.

தலைமை நீதிபதி சர் லாரன்ஸ் ஜென்கின்ஸ் இதனை மறைக்காமல் சொன்னார். பறிமுதல் அறிவிக்கையில் குறையிருப்பதை எடுத்துக்காட்டினார். மௌலானாவின் நோக்கத்தில் அவர் களங்கம் காணவில்லை. எனினும், தம் எழுத்து எவ்வகையிலும் சட்டத்தின் வலைக்குள் வராது என மெய்ப்பிக்கும் சுமை மனுதாரர் மீதே விழுந்தது. அது ஏறத்தாழ இயலாத காரியம் என்பதையும், நீதிமன்றத்தின் கைகள் கட்டப்பட்டிருப்பதையும் ஒப்புக்கொண்டு மனுவைத் தள்ளுபடி செய்தார். வென்றவர் தலைகுனிய நேர்ந்த வழக்கென்றே இதனை நாம் கருதுகிறோம்.

அதே ஆண்டு கான்பூரில், சாலை அமைப்பதற்காக மச்லி பஜார் பள்ளிவாசலின் உளூச் செய்யும் பகுதி இடிக்கப்பட்டது. ஆகஸ்ட் 3ஆம் நாள் அங்குத் திரண்ட மக்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. மௌலானா அபுல் கலாம் ஆஸாத் அவர்களின் ‘அல்ஹிலால்’ இதனை விரிவாக எழுதியது. செப்டம்பரில் அவ்விதழிடம் 2000 ரூபாய் ஜாமீன் கேட்கப்பட்டது. செய்தி அமைதியைக் குலைக்கும் என்பது ஆட்சியாளரின் வாதம். ஆனால் அக்டோபரில் வைசிராய் ஹார்டிஞ்சு பிரபு தாமே கான்பூருக்கு வந்து, கைதானோரை விடுவித்துச் சமரசம் செய்துவைத்தார். பத்திரிகைகள் வாய்மூடியிருந்தால் அவர் வந்திருப்பாரா என்று கேட்கத் தோன்றுகிறது.

நம் மார்க்க மரபு இவ்விடத்தில் நுணுக்கமானது. கொண்டுவரப்படும் செய்தியைத் தீர விசாரிக்குமாறு சூரத்துல் ஹுஜுராத்தின் 6ஆம் வசனம் பணிக்கிறது. அறியாமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துப் பின் வருந்த நேரிடலாம் என்பதே அது கூறும் காரணம். ஆக, உண்மையும் விளைவும் அங்கு ஒருங்கே எண்ணப்படுகின்றன. உண்மையெல்லாம் சொல்லத்தக்கது என்றும் நாம் கொள்வதற்கில்லை. புறம் பேசுதல் என்பதே உள்ள குறையைச் சொல்வதுதான்; இல்லாததைச் சொன்னால் அது அவதூறு. ஆயினும் இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் ‘ரியாளுஸ் ஸாலிஹீ’னில் புறம் பேசுவதற்கு அனுமதியுள்ள ஆறு நிலைகளைக் கூறும்போது, அநீதியிழைக்கப்பட்டவனின் முறையீட்டையே முதலில் வைத்தார்கள். மக்கதோனியப் பிரசுரமும் கான்பூர்ச் செய்தியும் அவ்வகையினவே. 1910ஆம் ஆண்டுச் சட்டத்தில் இத்தகைய விலக்கு ஏதும் இல்லை.

ஆஸாத் அவர்கள் பொறுப்பை மற்றொரு திசையிலிருந்தும் நோக்கினார்கள். செல்வர்களின் நன்கொடையில் வாழும் பத்திரிகை நன்மையை ஏவித் தீமையைத் தடுக்கும் கடமையை ஆற்றவியலாது என்பது அன்னாரின் கருத்து. அரசின் ஜாமீனைப் பற்றிப் பேசும் நம்மவர் பலர் இதனைப் பேசுவதில்லை.

1914 நவம்பரில் ‘அல்ஹிலால்’ நின்றது. ‘காம்ரேடு’ம் ஜாமீனை இழந்து அதே ஆண்டில் நின்றது. ஓராண்டு கழித்து ஆஸாத் தொடங்கிய ‘அல்பலாக்’ சில மாதங்களே வாழ்ந்தது. 1916இல் வங்காளத்திலிருந்து வெளியேற்றப்பட்ட அவர்கள் ராஞ்சியில் காவலில் வைக்கப்பட்டார்கள். முஹம்மது அலி அவர்கள் 1915 முதல் 1919 வரை காவலில் இருந்தார்கள். அச்சகச் சட்டம் 1922இல் நீக்கப்பட்டது. 1931இல் வேறொரு பெயரில் ஜாமீன் முறை மீண்டும் வந்தபோது மௌலானா முஹம்மது அலி உயிருடன் இல்லை. அவ்வாண்டு ஜனவரி 4ஆம் நாள் லண்டனில் காலமாகி, பைத்துல் முகத்தஸில் நல்லடக்கம் செய்யப்பட்டிருந்தார்கள்.