தண்டில் விளைந்த ஊர்: சிவாஜிநகரின் பழங்கதை

ஓர் ஊரின் வரலாற்றை ஆராயப் புகுவோர் முதலில் கல்வெட்டையும் செப்பேட்டையும் தேடுவது வழக்கம். அரசன் கட்டிய கோட்டையும், புலவன் பாடிய பாட்டும் இருந்துவிட்டால் அவ்வூரின் பெருமை எளிதில் நிலைபெற்றுவிடும். இவற்றுள் யாதொன்றும் இல்லாத ஊர் என்ன செய்யும்? அதனிடத்தும் ஏடு உண்டு. ஆனால் அவ்வேடு அவ்வூர்த் தெருக்களின் பெயர்களிலும், முதியோரின் வாய்மொழியிலும் மறைந்து கிடக்கும். பெங்களூரின் கிழக்குப் பகுதியில் உள்ள சிவாஜிநகர் அத்தகைய ஊர்களுள் ஒன்று. அதன் பழங்கதையைச் சிறிது புரட்டிப் பார்ப்பதே இன்று நம் நோக்கமாகும்.

முதலில் பெயரைக் காண்போம். சிவாஜிநகர் என்பது பிற்காலத்தில் வந்த பெயர். மராட்டிய வீரர் சிவாஜியின் தந்தை ஷாஜி, 1638-ஆம் ஆண்டில் பீஜப்பூர்ப் படை பெங்களூரைக் கைப்பற்றிய பின், இந்நகரைத் தம் ஜாகீராகப் பெற்று இங்குத் தங்கியிருந்தார். அத்தொடர்பை நினைந்து இட்ட பெயர் இது. அதற்கு முன் இவ்விடத்தின் பெயர் பிளாக்பள்ளி. அப்பெயர் வந்த வகைக்கு இரண்டு காரணம் கூறுவர். செஞ்சிப் பகுதியிலிருந்து குடியேறிய தமிழ்க் கிறித்தவர்கள் இங்கு வெள்ளையரிசி விளைவித்தனர். அதனால் கன்னடத்தில் ‘பிளி அக்கிப் பள்ளி’ என வழங்கிய சிற்றூர், ஆங்கிலேயர் நாவில் பிளாக்பள்ளி ஆயிற்று என்பது ஒன்று. பாளையத்தின் தெருக்களை வகுத்த பொறியாளர் பிளாக்கிஸ்டன் என்பாரின் பெயரே அவ்வாறு திரிந்தது என்பது மற்றொன்று. கற்றோர் இரண்டில் எதையேனும் கொள்க. பள்ளி என்ற சொல் இரண்டிலும் நிற்பதையும், அது நம் தமிழுக்கும் கன்னடத்துக்கும் பொதுவாய் இருப்பதையும் மட்டும் இங்கே குறித்துக்கொள்வோம்.

1799-இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு சுல்தான் மாண்டபின், ஆங்கிலேயர் தம் படையை அங்கே நிறுத்தினர். காவிரி சூழ்ந்த அத்தீவின் காய்ச்சல் அப்படையை வாட்டியது. எனவே நல்ல காற்றும் உயர்ந்த நிலமும் உள்ள பெங்களூருக்கு 1809-ஆம் ஆண்டில் படை இடம் பெயர்ந்தது. கெம்பே கௌடரின் பழைய பேட்டைக்குக் கிழக்கே, அலசூர் ஏரியை ஒட்டிப் புதிய பாளையம் எழுந்தது. ஆங்கிலேயர் அதனைக் கன்டோன்மென்ட் என்றனர். பாமர மக்களோ அதனைத் ‘தண்டு’ என்றே அழைத்தனர். தண்டு என்றால் படை; படை இறங்கிய இடம். அப்படை போய் நெடுங்காலம் ஆன பின்னும், தண்டு மாரியம்மன் என்று சொல்லித் தம் தாயை வணங்குவோர் இங்கு இன்றும் உளர். படையின் பெயரைத் தெய்வத்தின் பெயரோடு இணைத்த மக்கள் யாவர்?

அவர்கள் பெரும்பாலும் தமிழர். வந்த படை சென்னை மாகாணத்துப் படை. அதன் சிப்பாய்கள் பலர் தமிழ் மாவட்டத்தார். படைக்குப் பின்னே சமையற்காரர் வந்தனர். சலவைத் தொழிலாளர் வந்தனர். குதிரைக்குப் புல்லறுப்போர், கொத்தனார், தச்சர், தையற்காரர், தானிய வணிகர், குத்தகைதாரர் எனப் பல தொழிலோரும் வந்தனர். வட ஆர்க்காட்டிலிருந்து கட்டை வண்டியிலும் கால்நடையாகவும் மலையேறி வந்தோர் அவர்கள். 1864-ஆம் ஆண்டில் ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர்த் தண்டுக்கு இருப்புப்பாதை திறக்கப்பட்டபின், அவ்வரவு இன்னும் பெருகிற்று. தெலுங்கரும், தக்காண உருது பேசும் முஸ்லிம்களும், கட்சு நாட்டு மேமன் வணிகரும் உடன் சேர்ந்தனர். இவ்வாறு, ஒரு படையின் தேவைக்கென வந்த கூட்டமே நாளடைவில் ஓர் ஊராக உறைந்தது.

இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்ல வேண்டும். பிற்காலத்தில் இங்கிலாந்தின் பிரதமராக விளங்கிய வின்ஸ்டன் சர்ச்சில், இளம் படையதிகாரியாக 1896 முதல் இத்தண்டில் தங்கியிருந்தார். அவர் செலுத்தாமல் விட்டுப்போன 13 ரூபாய்க் கடனை இங்குள்ள ஒரு கழகத்தின் பழைய ஏடு இன்னும் காத்து வைத்திருக்கிறது. வருவோர்க்கெல்லாம் அதனைக் காட்டுவதும் உண்டு. ஆனால் அவருக்குச் சோறாக்கியவர் யார், துணி வெளுத்தவர் யார், குதிரைக்குக் கொள் வேகவைத்தவர் யார் என்பதை எந்த ஏடும் குறித்து வைக்கவில்லை. கொடுக்காத கடனுக்குக் கணக்கு உண்டு. கொடுத்த உழைப்புக்குக் கணக்கு இல்லை!

எனினும் உழைத்தோர் முற்றும் மறையவில்லை. சிவாஜிநகரிலும் அதன் அண்டையிலும் நடந்து பாருங்கள். நாராயண பிள்ளை தெரு, வீரப் பிள்ளை தெரு, மீனாட்சி கோயில் தெரு, தர்மராஜா கோயில் தெரு, இப்ராகிம் சாகிப் தெரு, ஜும்மா மசூதிச் சாலை என்று அடுத்தடுத்துப் பெயர்ப்பலகைகள் நிற்கும். கோயில், தெரு என்னும் நம் சொற்களையே ஆங்கில எழுத்திலும் கன்னட எழுத்திலும் தாங்கி நிற்பவை அவற்றுள் சில. ஏழைகளுக்கு இல்லம் இருந்த இடம் இன்றும் பழைய ஏழையர் இல்லச் சாலை என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரையே பூண்டிருக்கிறது. சற்றுத் தெற்கே உள்ள சூளை என்னும் பகுதியோ செங்கல் சுட்ட நாளை நினைவூட்டுகிறது. இவையே இவ்வூரின் கல்வெட்டுகள்.

இம்மக்கள் தமக்கென ஈட்டியதோடு நின்றனரா? இல்லை. ஆர்க்காடு நாராயணசாமி முதலியாரின் வாழ்க்கை இதற்குத் தக்க சான்றாகும். எளிய நிலையில் வந்து, வணிகத்தாலும் கட்டடக் குத்தகையாலும் உயர்ந்தவர் அவர். இன்று கர்நாடக உயர்நீதிமன்றம் நடைபெறும் செந்நிற மாளிகையாகிய அட்டாரக் கச்சேரியை 1864 முதல் 1868 வரை கட்டி முடித்தவர் அவரே. ஆனால் அக்கட்டடத்தைவிடப் பெரிய கட்டடம் ஒன்றை அவர் எழுப்பினார். 1873-ஆம் ஆண்டில், தண்டின் ஏழைச் சிறுவர்க்கு இலவசக் கல்வி தர ஒரு பள்ளியைத் தொடங்கினார். பெண்களுக்கும், தாழ்த்தப்பட்டோருக்கும் அவருடைய அறத்தில் கல்வி கிடைத்தது. மைசூர் மன்னர் அவருக்குத் தர்மரத்னாகர என்னும் விருதளித்தார். அவர் பெயரால் அமைந்த கல்வி நிலையங்கள் இன்றும் அலசூர்ப் பக்கத்தில் விளங்குகின்றன. அங்குப் படித்து முன்னேறிய குடும்பங்களை எண்ணிப் பார்த்தால், கல்லால் கட்டிய மாளிகை எது, கல்வியால் கட்டிய மாளிகை எது என்பது விளங்கும்.

1898-ஆம் ஆண்டில் பெங்களூரில் பிளேக் நோய் புகுந்தது. நெருங்கிய தெருக்களில் வாழ்ந்த தண்டு மக்கள் பெருந்துயர் உற்றனர். வீடுகளைத் துறந்து வெளியிடங்களிற் கொட்டகை அமைத்துத் தங்கினர். ‘பிளேக் மாரியம்மன்’ என்ற பெயரோடு இந்நகரில் நிலவும் கோயில்கள் அந்நாளைய அச்சத்தின் எஞ்சிய சுவடுகளாம். நெரிசலைக் குறைக்கவே 1906-இல் அடிக்கல் நாட்டி ஃபிரேசர் டவுன் என்னும் புதுப்பகுதி அமைந்தது. மருத்துவத்தின் அருமையை மக்கள் உணர்ந்த காலம் அது. மைசூர் ஆணையாளராயிருந்த பௌரிங் துரையின் பெயர் தாங்கிய மருத்துவமனை இங்கு முன்னரே இருந்தது. ஆயினும் கோஷா முறையில் வாழ்ந்த முஸ்லிம் பெண்கள் பொது மருத்துவமனைக்குச் செல்லத் தயங்கினர். அவர் குறை தீர்க்க ஹாஜி சர் இஸ்மாயில் சேட் என்னும் வணிகப் பெருமகன் பொருள் வழங்க, 1925-ஆம் ஆண்டில் கோஷா மருத்துவமனை எழுந்தது. பின்னர் அது எல்லாச் சமயத்துத் தாய்மாருக்கும் பேறுகால இல்லமாயிற்று. சிவாஜிநகரத்தார் பலரிடம், ‘எங்கே பிறந்தீர்?’ என்று கேட்டால், ‘கோஷா ஆஸ்பத்திரியில்’ என்பதே விடையாக வரும்.

அடுத்து, புனித மரியன்னை ஆலயத்தைச் சொல்லாமல் விடுதல் இயலாது. சீரங்கப்பட்டணப் போருக்குப் பின் மைசூர் நாட்டில் தொண்டாற்றிய பிரெஞ்சுப் பாதிரியார் துபுவா, இங்கு ஒரு கூரைக் கோயிலை அமைத்தார். அது வளர்ந்து, கிளைனர் பாதிரியாரின் முயற்சியால் 1875-இல் தொடங்கிய பணி நிறைவெய்தி, 1882-ஆம் ஆண்டு செப்டம்பர் 8-ஆம் நாள் கோதிக் பாணியிலான ஆலயமாகத் திறக்கப்பெற்றது. 1974-இல் அது பசிலிக்கா என்னும் சிறப்புநிலை எய்தியது. ஆண்டுதோறும் ஆகஸ்ட் 29-ஆம் நாள் கொடியேறும். செப்டம்பர் 8-ஆம் நாள் தேர்ப் பவனி நிகழும். சேலை உடுத்திய அன்னையைக் காணக் காவி ஆடை புனைந்து நடந்து வரும் கூட்டத்தில், கிறித்தவர் எவர், இந்துக்கள் எவர் என்று பிரித்தறிதல் எளிதன்று. தமிழ், கன்னடம், ஆங்கிலம் ஆகிய மூன்றிலும் வழிபாடு நடைபெறும்.

நாம் சிறுவராய் இருந்த நாளில், அவ்விழாவுக்கு நம் தாயார் மெழுகுவத்தியோடு அழைத்துச் செல்வதுண்டு. அதே கையால் ஆடி மாதத்தில் மாரியம்மனுக்குக் கூழும் வார்ப்பார். ரம்ஜான் மாதத்தில் அண்டை வீட்டார் அனுப்பிய நோன்புக் கஞ்சியை நமக்குப் பகிர்ந்தும் தருவார். இதனைச் சமய ஒற்றுமை என்று அவர் பெயரிட்டதில்லை. அக்கம்பக்கம் என்ற ஒரு சொல்லே அவருக்குப் போதுமானதாயிருந்தது.

ஆலயத்துக்கு எதிரே ரஸ்ஸல் சந்தை நிற்கிறது. 1927-இல் கட்டப்பெற்று, நகராட்சி ஆணையாளர் ரஸ்ஸல் என்பாரின் பெயர் பெற்றது அது. காய்கனி, பூ, இறைச்சி, மீன் என யாவும் ஒரே கூரையின் கீழ்க் கிடைக்கும். விற்பவர் உருதுவில் விலை சொல்ல, வாங்குபவர் தமிழில் குறைத்துக் கேட்க, இருவரும் கன்னடத்தில் உடன்பட்டுக் கொள்ளும் காட்சி அங்கு அன்றாடம் நிகழ்வது. 2012-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அச்சந்தையில் தீப்பற்றிக் கடைகள் பல எரிந்தன. மூன்று தலைமுறையாய்க் கடை நடத்தியோர் சாம்பலின்முன் நின்றனர். ஆயினும் வணிகர்கள் மனந்தளரவில்லை. தம் கைப்பொருள் இட்டுக் கடைகளைச் செப்பனிட்டு மீண்டும் விளக்கேற்றினர். தாமே கட்டிக்கொள்ளும் அப்பழக்கம் இவ்வூருக்குப் புதியதன்று.

இனி, இவ்வூரின் மனத்துயரையும் சொல்லவேண்டும். 1881-இல் மைசூர் நாடு மன்னர் கைக்கு மீண்டபோதும், தண்டு மட்டும் ஆங்கிலேயர் ஆட்சியிலேயே நின்றது. 1947-இல் அது மைசூரோடு சேர்ந்தது. 1949-இல் பேட்டை நகராட்சியும் தண்டு நகராட்சியும் ஒன்றாகி ஒரே மாநகராட்சி ஆயின. 1956-இல் மொழிவாரி மாநிலம் அமைந்தது. இருவேறு ஊர்களாய் ஒன்றரை நூற்றாண்டு வாழ்ந்தோர் ஒருநாளில் ஒருவரையொருவர் அறிந்துகொள்ள இயலுமா? தண்டிலிருந்த நம்மவருள் பலர் கன்னடம் கற்கக் காலந்தாழ்த்தினர் என்பதையும் மறைத்தல் ஆகாது. 1991 டிசம்பரில் காவிரிப் பிணக்கினால் எழுந்த கலவரத்தில் தமிழர் பலர் உடைமையும் உயிரும் இழந்தனர். அலசூர் ஏரிக்கரையில் பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் அமைத்த திருவள்ளுவர் சிலை, பதினெட்டு ஆண்டுகள் திரையிட்டு மூடப்பட்டே நின்றது. 2009-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 9-ஆம் நாள் அத்திரை விலகிற்று. நான்கு நாள் கழித்துச் சென்னையில் கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது. மூடிய சிலையைத் திறக்க வழி அதுவே: தம் புலவரை மதிக்க விரும்புவோர் பிறர் புலவரையும் மதித்தல் வேண்டும்.

இப்பொழுது சிவாஜிநகர் விரைந்து மாறி வருகிறது. ஓட்டு வீடுகள் சாய்ந்து அடுக்குமாடிகள் எழுகின்றன. நாம் படம் பார்த்த எல்ஜின் கொட்டகை இன்று இல்லை. நிலத்தடி ரயிலுக்காகப் பேருந்து நிலையத்தருகே மண்ணை ஆழத் தோண்டினர். வளர்ச்சியை நாம் வேண்டாம் என்னோம். ஆனால் வீடு இடிந்தால் வேறு வீடு கட்டலாம். தெருவின் பெயர் மாறி, பெயரின் கதையறிந்த முதியவரும் மறைந்துவிட்டால், அதனை மீட்பதற்கு வழி யாது?

ஆகவே நேயர்களே, நாம் செய்யத்தக்கது சிறிய செயலே. வீட்டிலுள்ள பாட்டனாரையோ பாட்டியாரையோ அருகில் அமர்த்தி, நம் குடும்பம் எவ்வூரிலிருந்து வந்தது, என்ன தொழில் செய்தது, எந்தத் தெருவில் முதன்முதல் அடுப்பு மூட்டியது என்று கேளுங்கள். கேட்டதை ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். சர்ச்சிலின் 13 ரூபாயை ஓர் ஏடு காத்து வைத்தது. நம் முன்னோரின் உழைப்பைக் காத்து வைக்க நம் வீட்டில் ஓர் ஏடு இருக்கட்டும்.