மலைச் சரிவில் ஒரு கொடி

ராஜாக்களின் யுத்தங்களையும் பட்டாபிஷேகங்களையும் படித்து எனக்கு அலுத்துவிட்டது. ஒரு திராட்சைக் கொடியின் சரித்திரம் கைக்குக் கிடைத்தபோது ராத்திரி விழித்திருந்து படித்தேன்.

கொடியின் பெயர் வியோன்யே. பிரான்ஸில், லியோன் நகருக்குத் தெற்கே, ரோன் நதியின் வலது கரையில் கோந்த்ரியோ என்று ஒரு சிற்றூர். அதுதான் அதன் வீடு. அதன் பழத்திலிருந்து வெள்ளை ஒயின் செய்கிறார்கள். ஆப்ரிகாட், பீச் பழங்களின் வாசனையோடு பூ மணமும் கலந்து வீசுமாம். நான் மதுவைத் தொட்டவனல்லன். ருசித்தவர்கள் சொன்னதைத்தான் சொல்கிறேன். இனிப்பு என்று மூக்கு சத்தியம் செய்யும். நாக்கில் விட்டால் பெரும்பாலும் இனிப்பே இராது!

குணமோ மகா பிடிவாதம். காய்ப்பு சொற்பம். முன்னதாகப் பறித்தால் மணம் வராது; நாள் தப்பினால் புளிப்புக் குறைந்து சாறு சப்பென்று போய்விடும்.

மூன்றாம் நூற்றாண்டில் ரோமச் சக்கரவர்த்தி புரோபஸ் அதைத் தால்மேஷியாவிலிருந்து கொண்டுவந்தார் என்று ஒரு கதை உண்டு. கதை எழுதிப் பிழைக்கிறவனுக்குச் சக்கரவர்த்தியை விட மனம் வருமா? ஆனால் மரபணுவை ஆராய்ந்தவர்கள் அந்தப் பக்கத்துப் பழைய திராட்சை ஒன்றுக்கு அது மிக நெருங்கிய உறவு என்று கண்டுவிட்டார்கள். உள்ளூர்ப் பிள்ளைதான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவிலிருந்து வந்த ஃபிலாக்ஸெரா பூச்சி வேரைத் தின்றது. 1914-ல் மூண்ட யுத்தம் பிள்ளைகளைத் தின்றது. அந்த மலையோ கருங்கல் சரிவு. படிப்படியாகச் சுவர் கட்டித்தான் கொடி வைக்க வேண்டும். மழையில் கரைந்து இறங்கிய மண்ணைத் திரும்பவும் மேலே சுமக்க வேண்டும். யார் சுமப்பது? தொழிற்சாலையில் மாதம் பிறந்தால் சம்பளம். சுவர்கள் இடிந்தன, முள் மண்டியது.

1940-ல் சர்க்கார் கோந்த்ரியோ என்ற பெயருக்குச் சட்டப் பாதுகாப்புத் தந்தது. பெயர் பிழைத்தது, கொடியைப் பார்க்கத்தான் ஆள் இல்லை. 1960-களில் அங்கே முப்பது நாற்பது ஏக்கருக்குமேல் அது கிடையாது.

1953-ல் தகப்பனாரின் நிலத்தை ஏற்றுக்கொண்ட ஜார்ஜ் வெர்னே மட்டும் அசையவில்லை. சுவரைத் திருப்பிக் கட்டினார், கொடி வைத்தார், அண்டை அயலாரையும் நடச் சொல்லித் தூண்டினார். கணக்குப் பார்க்கிற யாரும் அவரைப் புத்திசாலி என்றிருக்க மாட்டார்கள். 2017-ல் அவர் காலமானபோது கோந்த்ரியோவில் மட்டும் நானூறு ஏக்கருக்குமேல் வியோன்யே இருந்தது. கலிபோர்னியாவும் ஆஸ்திரேலியாவுங்கூட அதைப் பயிரிட்டுக்கொண்டிருந்தன.

அந்தச் செங்குத்துச் சரிவுகளில் இன்றும் டிராக்டர் ஏறுவதில்லை. குலைகளைக் கையால்தான் பறிக்கிறார்கள்.