தாடையைத் தின்ற மருந்து

எங்கே உரசினாலும் பற்றிக்கொள்ளும் தீக்குச்சிதான் 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவின் அடுப்படிகளில் இருந்தது. அதன் முனையில் இருந்தது வெண் பாஸ்பரஸ். மருந்தில் குச்சி முக்கியவர்களும் காய்ந்த குச்சிகளைப் பெட்டியில் அடுக்கிய பெண்களும் நாள் முழுக்க அந்த ஆவியைச் சுவாசித்தார்கள். மருந்து படிந்த கையாலேயே ரொட்டியைப் பிட்டுத் தின்றார்கள். சொத்தைப் பல் இருந்தால் நஞ்சு எலும்பில் இறங்கும். முதலில் பல்வலி, பிறகு ஈறில் சீழ், கடைசியில் தாடை எலும்பே செத்துத் துண்டு துண்டாகக் கழன்று வரும். வியன்னா மருத்துவர் லோரின்சர் 1845லேயே இந்நோயைப் பதிவு செய்துவிட்டார். அதே ஊரில், அதே பத்தாண்டில், ஷ்ரோட்டர் என்ற வேதியியலாளர் நஞ்சில்லாத சிவப்பு பாஸ்பரஸைக் கண்டறிந்தார். 1850களில் சுவீடனின் லுண்ட்ஸ்ட்ரோம் சகோதரர்கள் அதைப் பெட்டியின் பக்கவாட்டில் பூசிப் பாதுகாப்பான தீப்பெட்டி தயாரித்தார்கள். நோயும் தெரியும், மாற்றும் தெரியும். ஆனால் பிரிட்டனில் வெண் பாஸ்பரஸுக்குத் தடை நடைமுறைக்கு வந்தது 1910இல். இடைப்பட்ட அரை நூற்றாண்டு நஞ்சை அகற்றுவதில் போகவில்லை. நஞ்சை வைத்துக்கொண்டே தொழிலாளியைக் கண்காணிப்பதில் போனது.

அந்தக் கண்காணிப்பைச் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். காற்றோட்டம், கை கழுவத் தொட்டி, பல் பரிசோதனை என்று விதிகள் வந்தன. 1895 முதல் பாஸ்பரஸ் நோயாளிகளைத் தொழிற்சாலை ஆய்வாளருக்குத் தெரிவிப்பதும் கட்டாயமானது. ஆனால் பல்வலி என்று வாய் திறந்தவர் பல்லைப் பிடுங்கிக்கொள்ள வேண்டும், இல்லையேல் வேலையை இழக்க வேண்டும் என்ற நிலையில் யார் வலியைச் சொல்வார்கள்? தொழிலாளி வலியை மறைத்தார், முதலாளி நோயை மறைத்தார், பதிவேடு சுத்தமாக இருந்தது. லண்டனின் பெரிய தீப்பெட்டி நிறுவனமான பிரையன்ட் அண்ட் மே, நோயாளிகள் பற்றித் தகவல் தராததற்காக 1898இல் தண்டிக்கப்பட்டது. அபராதம் சுமார் 25 பவுண்டு! அப்படியானால் விதிகளே வீணா என்று கேட்கலாம். இல்லை. காற்றோட்டம் ஆவியைக் குறைத்தது. ஆய்வாளர்களும் மருத்துவர்களும் திரட்டிய விவரங்கள்தான் பின்னர் தடைக்கு ஆதாரமாயின. கண்காணிப்பு செய்த பெரிய உதவி, தன்னால் மட்டும் ஆகாது என்பதை நிரூபித்ததுதான்.

செலவு என்ற வாதமும் இருந்தது. அதில் பாதி உண்மை உண்டு. 1891இல் சால்வேஷன் ஆர்மி என்ற கிறிஸ்தவத் தொண்டு அமைப்பு லண்டனில் சிவப்பு பாஸ்பரஸ் தீப்பெட்டி ஆலை தொடங்கி, மற்ற இடங்களைவிடக் கூடுதல் கூலி கொடுத்தது. மலிவான நஞ்சுக்குச்சியோடு விலையில் போட்டியிட முடியாமல் 1901இல் அந்த ஆலை கைமாறியது. நல்ல முதலாளி ஒருவர் தனியாக நின்று ஜெயிக்க முடியாது. எல்லோருக்கும் ஒரே சமயத்தில் தடை வேண்டும் என்பதுதான் இதில் கிடைத்த பாடம். பின்லாந்து 1872இலும் டென்மார்க் 1874இலும் தடை விதித்திருந்தன. 1898இல் பிரான்சின் அரசு ஆலைகள் பாஸ்பரஸ் செஸ்குயிசல்பைடுக்கு மாறின. எங்கும் உரசிப் பற்றவைக்கும் வசதி நஞ்சில்லாமலே கிடைத்ததால் கடைசிச் சாக்கும் போயிற்று. 1906இல் வெண் பாஸ்பரஸ் தீக்குச்சிகளைத் தடை செய்யும் பெர்ன் உடன்படிக்கை நாடுகளிடையே கையெழுத்தானது. 1912இல் அமெரிக்கா வரி போட்டே அந்தக் குச்சியைச் சந்தையிலிருந்து விரட்டியது.

இந்தியாவில் வெண் பாஸ்பரஸ் தீக்குச்சித் தடைச் சட்டம் 1913இல் வந்தது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் தொழில் கற்றுவந்து சிவகாசியில் தீப்பெட்டி தயாரிக்கத் தொடங்கியது 1920களில். சிவகாசியின் தீப்பெட்டித் தொழிலுக்கு வறுமை, குழந்தை உழைப்பு, தீவிபத்து என்று எத்தனையோ துயரங்கள் உண்டு. இந்த ஒரு நோய்க்கு மட்டும் அது பிறக்கும் முன்பே சட்டம் கதவை அடைத்துவிட்டது. சிவகாசியின் இன்னொரு தொழிலான பட்டாசில் மருந்தை அப்படி முழுவதும் மாற்ற முடியாது, வெடிப்பதுதானே அதன் வேலை என்பார்கள். முழுவதும் முடியாதுதான். ஆனால் எளிதில் வெடிக்கும் குளோரேட்டும் கந்தகமும் சேர்ந்த கலவையை 1992இல் மத்திய அரசு தடை செய்தது. ஆகவே ஒவ்வொரு வெடிவிபத்துக்குப் பிறகும் தொழிலாளி என்ன தவறு செய்தார் என்று விசாரிப்பதற்கு முன், அந்த அறைக்குள் அந்த மருந்து, அந்த அளவில், ஏன் இருந்தது என்று அதிகாரிகள் கேட்க வேண்டும்.