கன்னத்து மச்சம் போகும் வழி

கன்னத்தில் மிளகளவு எழும்பி நிற்கும் பழுப்பு மச்சத்தின் பூர்வீகம் கன்னம் அல்ல. கரு உருவாகும் தொடக்க வாரங்களில், பின்னாளில் மூளையும் தண்டுவடமும் ஆகப்போகும் நரம்புக் குழாயின் விளிம்பிலிருந்து நிறமிச் செல்களின் மூதாதைகள் கிளம்புகின்றன. நகர்ந்து நகர்ந்து தோலை அடைந்து அங்கேயே தங்கிவிடுகின்றன. பிறகு என்றோ ஒருநாள் அவற்றில் ஒரு செல்லின் மரபணுவில் மாற்றம் நேர்கிறது. பல மச்சங்களில் அது பிராஃப் என்ற மரபணு. அந்தச் செல் பெருகிக் கூட்டமாகிறது. பிறகு பெருக்கம் தானாக நின்றுவிடுகிறது. அப்படி நின்றுபோனதுதான் சாதாரண மச்சம். வயது ஏற ஏற நிறம் வெளுத்து மேடு தட்டும்.

பள்ளி மாற்றுச் சான்றிதழில் அங்க அடையாளமாக ஏறிய மச்சத்தைக்கூட எடுத்துவிட வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்றலாம். சவரக் கத்தி அடிக்கடி கீறுகிறது என்பது ஒரு காரணம். முகத்தில் அது பிடிக்கவில்லை என்பதும் நியாயமான காரணமே. அதற்காக யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை.

எப்படி எடுப்பது என்பதில்தான் கவனம் வேண்டும். சுண்ணாம்போடு சலவைச் சோடா குழைத்து வைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது தோலை வெந்துபோகச் செய்யும், தழும்பு விழும். கார்பன் டை ஆக்சைடு லேசர், தேர்ந்த கையில், சுத்தமாக வேலை செய்யும். ஆனால் திசுவை ஆவியாக்கிவிடும். ஆய்வகத்துக்கு அனுப்ப ஒன்றும் மிஞ்சாது. அளவோ நிறமோ விளிம்போ மாறிக்கொண்டிருக்கும் மச்சத்தை லேசரால் அழிப்பது தவறு என்றே சொல்வேன். மெலனோமா என்ற நிறமிச் செல் புற்றுநோய் நம்மிடையே அரிது, வந்தாலும் உள்ளங்காலிலும் நகத்தடியிலும்தான் அதிகம் பார்க்கிறோம். அரிது என்பதற்காகப் பார்க்காமலே எரித்துவிடலாமா?

நம் கன்னத்து மச்சத்துக்கு நல்ல மருத்துவர் வாய்த்திருக்கிறார். முதலில் டெர்மாஸ்கோப் என்ற உருப்பெருக்கியை வைத்துப் பார்க்கிறார். மரத்துப்போக ஊசி போட்டு, தோல் மட்டத்தோடு பிளேடால் சீவி எடுக்கிறார். தையல் கிடையாது. ஆழமாக இருந்திருந்தால் நீள்வட்டமாக வெட்டித் தைக்க வேண்டியிருக்கும். அதில் வேரோடு போகும், கோடுபோல் ஒரு தழும்பு நிற்கும். மார்பிலும் தோளிலும் என்றால் தழும்பு தடித்துக் கெலாய்டு ஆகும் வாய்ப்பு கூடுதல். அங்கே உள்ள மச்சத்தை அழகுக்காகத் தொடுவதற்கு முன் இரண்டு முறை யோசிக்க வேண்டும்.

சீவிய துண்டு ஃபார்மலின் பாட்டிலில் விழுகிறது. பெயர், வயது, உடலில் எந்த இடம் என்று லேபிளில் எழுதுகிறார்கள். ஃபார்மலினில் திசு அழுகாமல் அப்படியே உறைகிறது. ஆய்வகத்தில் ஆல்கஹால் அதன் நீரை வெளியேற்றுகிறது. ஆல்கஹாலை சைலீன் நீக்க, அந்த இடத்தில் உருக்கிய பாரஃபின் மெழுகு புகுகிறது. ஆறியதும் மச்சம் மெழுகுக் கட்டிக்குள் இருக்கிறது. மைக்ரோடோம் என்ற கருவி அதை ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் நான்கு பங்கு தடிமனுக்குச் சீவுகிறது. இதழை வெதுவெதுப்பான நீரில் மிதக்கவிட்டு சிலைடில் ஏந்துகிறார் டெக்னீஷியன். அந்தக் கைப்பழக்கம் எளிதில் வராது. மெக்சிகோ பக்கத்து மரமொன்றின் கட்டையிலிருந்து வந்த ஹெமடாக்சிலின் சாயம் உட்கருக்களை நீலமாக்குகிறது. ஈயோசின் மற்றதை இளஞ்சிவப்பாக்குகிறது.

நோய்க்குறியியல் மருத்துவர் பார்ப்பது ஒழுங்கை. மச்சம் இருபுறமும் ஒத்திருக்கிறதா, கீழே போகப் போக செல்கள் சிறுக்கின்றனவா, ஆழத்தில் பிளவுபடும் செல் உண்டா. எல்லாம் சரி. 'இன்ட்ராடெர்மல் நீவஸ்', அதாவது தோலின் உள்ளடுக்கில் தங்கிய சாதாரண மச்சம் என்று ரிப்போர்ட் வருகிறது.

சிலைடும் மெழுகுக் கட்டியும் ஆய்வக அலமாரிக்குப் போகின்றன, குப்பைக்கு அல்ல. சீவி எடுத்த இடத்தில் அடியில் தங்கிய செல்களால் மீண்டும் கருமை தலைகாட்டலாம். அப்படித் திரும்பிய மச்சம் சிலைடில் மெலனோமாவைப் போலவே தோன்றிக் குழப்பும். 1975லேயே ஆய்வாளர்கள் கோர்ன்பெர்க்கும் அக்கர்மனும் இதைப் 'போலி மெலனோமா' என்று பதிவு செய்தார்கள். மச்சம் அப்படித் திரும்பும் நாளில் மருத்துவர் முதலில் கேட்பது பழைய சிலைடைத்தான்.