அக்கரைக்குப் போகாமல் அக்கரையை அளப்பது

பனிச்சங்கேணிப் பாலத்தடியில் நாங்கள் நாலு பேர் ஒரு கயிறும் இரண்டு கம்பும் வைத்துக்கொண்டு கரையோரமாக நடந்துகொண்டிருந்தோம். தோணி கட்டிக்கொண்டிருந்த ஐயா ஒருவர் எங்களைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பிமார், காணி அளக்கிறீங்களோ? எந்தக் கந்தோர்?"

கந்தோர் எதுவும் இல்லை ஐயா, களப்பின் அகலத்தைத் தண்ணீரில் இறங்காமல் கண்டுபிடிக்கலாமா என்று பார்க்கிறோம் என்றோம். அவர் நம்பவில்லை. அது ஏன் என்பது பிறகுதான் எங்களுக்கு விளங்கியது.

நாங்கள் செய்தது இவ்வளவுதான். எதிர்க்கரையில் ஒரு மரத்தைக் குறித்துக்கொண்டு அதற்கு நேரெதிரே இக்கரையில் நிற்க வேண்டும். அங்கிருந்து கரையோரமாக நேர்கோட்டில் 40 அடி நடந்து ஒரு கம்பை ஊன்ற வேண்டும். அதே கோட்டில் இன்னும் 40 அடி போய், தண்ணீருக்கு முதுகைக் காட்டிச் செங்குத்தாகத் திரும்பி உள்பக்கமாக நடக்க வேண்டும். திரும்பிப் பார்க்கும்போது கம்பும் எதிர்க்கரை மரமும் ஒரே நேரில் வந்துவிட்டால் அங்கே நின்றுவிடலாம். உள்பக்கமாக நடந்த தூரம்தான் களப்பின் அகலம். கம்பின் இரு பக்கமும் இரண்டு சம முக்கோணங்கள்: ஒன்று தண்ணீரில், மற்றது மணலில். உள்ளே நடக்க இடம் போதாவிட்டால் இரண்டாவது 40-க்குப் பதிலாக 10 அடி போங்கள், வரும் விடையை நாலால் பெருக்குங்கள்.

கேட்க லேசு. எங்களுக்கோ இரண்டு தடவை அளந்ததில் இரண்டு விடை வந்தது. கரை வளைந்திருந்தது, நாங்கள் "செங்குத்து" என்று நினைத்தது செங்குத்தே இல்லை. மறுகா கயிற்றைப் 12 சம பங்காக முடிச்சுப் போட்டு, 3, 4, 5 என்று முக்கோணமாக இழுத்துப் பிடித்துச் செங்கோணம் எடுத்த பிறகுதான் விடைகள் கிட்ட வந்தன.

இது எங்கள் கண்டுபிடிப்பு இல்லை. பழைய ரோம நில அளவைக்காரர்களின் நூல்களில் யூனியஸ் நிப்சஸ் என்பவர் பெயரில் ஆற்றின் அகலத்தை இப்படி அளக்கும் முறை இருக்கிறது. சீனாவில் லியூ ஹுய் என்பவர் கி.பி. 263-இல், கடலுக்கு அப்பால் தெரியும் தீவின் உயரத்தையும் தூரத்தையும் இரண்டு கம்புகளை வைத்துக் கணக்கிட்டுக் காட்டினார்.

எங்கள் பக்கத்துக்கு இந்த முக்கோணம் பெரிய அளவில் வந்தது 1802-இல். திப்பு சுல்தான் வீழ்ந்து மூன்று வருஷம். அந்தப் போரில் நின்ற வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி, சென்னை பரங்கிமலைப் பக்கம் ஏப்ரல் 10-ஆம் தேதி நூறடி இரும்புச் சங்கிலியை விரித்து, ஏறத்தாழ ஏழரை மைல் நீளத்துக்கு ஒரே ஒரு கோட்டை அளக்கத் தொடங்கினார். அதன் பிறகு பெரும்பாலும் சங்கிலி தேவைப்படவில்லை. முக்கோணம் பிடிவாதமான சாமான்: ஒரு பக்கமும் இரண்டு கோணமும் தெரிந்தால் மற்ற இரண்டு பக்கமும் தப்பவே முடியாது. கிடைத்த பக்கத்தின் மேல் அடுத்த முக்கோணம், அதன் மேல் இன்னொன்று. சென்னையிலிருந்து மங்களூர் வரை இப்படிப் போய்ச் சேர்ந்தபோது, பழைய வரைபடங்கள் காட்டியதைவிட அந்தத் தூரம் 40 மைல் குறைவாக வந்தது.

தஞ்சாவூர்ச் சமவெளியில் அவருக்குச் சிக்கல். மலை இல்லை, மரங்கள் பார்வையை மறைத்தன. ஆகவே கோயில் கோபுரங்களின் மேல் ஏறினார்கள். 1808-இல் பெரிய கோயிலில் அரைத் தொன் எடையுள்ள கோணமானியைக் கயிற்றில் மேலே தூக்கும்போது கயிறு விட்டுக்கொடுத்து, கருவி சுவரில் மோதி நசுங்கியது. லாம்டன் வாரக்கணக்காகக் கூடாரத்துக்குள் உட்கார்ந்து அதைத் தட்டி நிமிர்த்தினார். அந்தப் பொறுமையை வியக்காமல் இருக்க முடியவில்லை. ஆனால் அந்தச் சங்கிலி யாருக்காக நீண்டது என்பதையும் மறக்க முடியவில்லை.

இலங்கையில் நில அளவைத் திணைக்களம் அதற்கும் முந்தியது, 1800 ஆகஸ்ட் 2-இல் தொடங்கியது. மட்டக்களப்பு விவசாயிகளுக்கு வயல் என்றால் எத்தனை அவணம் விதைநெல் விழும் என்பதுதான் கணக்கு. அந்தக் கணக்கை ஏக்கரும் பேர்ச்சும் ஓரம் தள்ளின. 1840-இன் 12-ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடாகவும் தரிசாகவும் பயிரிடாமலும் கிடக்கும் நிலம், வேறுவிதமாக நிரூபிக்கப்படும் வரை முடிக்குரியது என்றது. நிரூபிக்கும் பொறுப்பு நிலத்தில் இருந்தவர் தலையில். அன்றிலிருந்து சங்கிலி பிடித்து வருகிறவரைக் கண்டால் ஊர் கொஞ்சம் கலங்கத்தான் செய்யும்.

அந்த ஐயா கதிரவெளிக்காரர். 2006 நவம்பர் 8-ஆம் திகதி, இடம்பெயர்ந்த சனங்கள் தங்கியிருந்த கதிரவெளி விக்னேஸ்வரா வித்தியாலயத்தில் ஷெல் விழுந்து 40 பேருக்கு மேல் செத்த ஊர். அதன் பிறகு ஊரே வெளியேறியது, அடுத்த வருஷம்தான் திரும்பி வந்தது. திரும்பியபோது வேலியும் இல்லை, எல்லைப் பனையும் இல்லை என்றார் அவர். "உங்கட கயித்தால போன மூலையக் கண்டுபிடிக்கலாமோ?"

கண்டுபிடிக்கலாம். அடுத்த நாள் அவர் வளவுக்குப் போனோம். பழைய பிளானின் பிரதி ஒன்று வைத்திருந்தார், அளவெல்லாம் சங்கிலிக் கணக்கில். ஒரு சங்கிலி 66 அடி. எல்லைக் கல் இரண்டு மிச்சம். முதல் கல்லிலிருந்து தொலைந்த மூலைக்கு ஒன்றரைச் சங்கிலி, அதாவது 99 அடி. மற்றக் கல்லிலிருந்து மூலைவிட்ட தூரத்தைப் பிளானில் அளந்து பெருக்கினோம். ஒவ்வொரு கல்லிலும் ஒரு கயிற்றைக் கட்டி மணலில் வில் போல இழுத்தால் இரண்டு வில்லும் இரண்டு இடத்தில்தான் வெட்டும். ஒன்று பிளானுக்கு மறுபுறம் விழும், அதை விட்டுவிடலாம். சட்டத்துக்கு முன்னால் இது செல்லாது, அனுமதி பெற்ற நில அளவையாளர்தான் வர வேண்டும் என்று அவரிடம் முதலிலேயே சொல்லிவிட்டோம்.

வில்கள் வெட்டிய இடத்தில் கம்பை ஊன்றினோம். பக்கத்து வளவின் புது வேலி அதிலிருந்து இரண்டு அடி இந்தப் பக்கம் நின்றது.

ஐயா வேலியைப் பார்த்தார், கம்பைப் பார்த்தார். "நைலோன் கயிறுதானே, இழுபட்டிருக்கும்" என்றார். "இன்னொருக்கா அளப்பம்."